ரஷ்யப் போர்க்கதைகளில் ஆசை பேசும் விதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொழிபெயர்ப்பு நாவல்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பல நல்ல செய்திகளைச் சொல்லும் அந்தக் கட்டுரை, ரஷ்யப் போர்க்கதைகளுக்கு வரும்போது மட்டும் ஒரு பத்தியில் தீர்ப்பு எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அந்தக் கதைகளில் வருகிறவர்கள் எல்லோரும் தாய்நாடு, கடமை, தியாகம் என்றே பேசுகிறார்கள், தங்களுக்கென்று ஓர் ஆசை உள்ளவர்களாக அவர்கள் தென்படுவதே இல்லை, ஆகவே இன்றைய வாசகருக்கு அவற்றால் பயன் இல்லை என்பது கட்டுரையாளரின் கருத்து. பள்ளிப் பருவம் முதல் இக்கதைகளைப் படித்து வருபவன் என்ற முறையிலும், இந்த மாவட்டத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையிலும் அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

நல்ல ரஷ்யப் போர்க்கதை எதை எடுத்தாலும் அதில் இரண்டு வகைப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று மேலிருந்து வருவது. ஆணைகளிலும் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் பிரபுக்களின் விருந்துக் கூடங்களிலும் புழங்கும் அந்தப் பேச்சு, எது உயர்ந்தது, எதற்காக உயிரைக் கொடுக்கலாம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். மற்றது படைவீரனின் சொந்தப் பேச்சு. அதில் தின்பண்டமும் புகையிலையும் குதிரையும் காலணியும் வீட்டு அடுப்பும் இன்னும் பிறக்காத பிள்ளையும் வரும். மனிதனின் ஆசை இந்த இரண்டாவது பேச்சில்தான் குடியிருக்கிறது, அதுவும் பெரும்பாலும் தன்னை ஆசை என்று சொல்லிக்கொள்ளாமலே. முதல் பேச்சை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறவருக்கு எல்லாம் பிரசாரமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

டால்ஸ்டாயிலிருந்தே தொடங்குகிறேன். டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தில் 'போரும் வாழ்வும்' படித்தவர்களுக்குப் பேத்யா ரஸ்தோவை மறந்திருக்காது. 1812ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் படை மாஸ்கோவை விட்டுப் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. பதினைந்து பதினாறு வயதுப் பையனான பேத்யா, தெனிசோவ் என்பவரின் கொரில்லாப் படைக்குத் தூது வந்தவன், திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடுகிறான். பெரிய வீரன் என்று பெயர் எடுக்க வேண்டும் என்பதே அவனுடைய ஆசை. ஆனால் அந்த இரவு முழுவதும் அவன் வாயிலிருந்து வருவதெல்லாம் வேறு. தன்னிடம் நல்ல உலர்திராட்சை இருக்கிறது, விதையே இல்லாதது, எல்லோரும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு இனிப்பு தின்று பழக்கம் என்று மூத்த அதிகாரிகளிடம் பைகளைத் திறந்து நீட்டுகிறான். சிறைபிடிக்கப்பட்ட பிரெஞ்சுத் தம்பட்டக்காரச் சிறுவனுக்குச் சாப்பாடு கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்டால் தன்னைச் சின்னப் பையன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் வாய் வராமல் தவித்து, பிறகு ஒருவழியாகக் கேட்டுவிடுகிறான். மறுநாள் காலை, நிறுத்தச் சொல்லியும் நில்லாமல் குதிரையை முன்னே விரட்டிச் சென்றவனின் தலையில் குண்டு பாய்ந்துவிடுகிறது.

இந்த இடத்தில் டால்ஸ்டாய் ஒரு புகழ்மொழிகூட எழுதவில்லை. தெனிசோவ் குதிரையிலிருந்து இறங்கி, இரத்தமும் சேறும் அப்பிய அந்த முகத்தைத் தன் பக்கம் திருப்புகிறார். எனக்கு இனிப்பு தின்று பழக்கம், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்ற சொற்கள் அவருக்கு நினைவுக்கு வருகின்றன. அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுப்பிய ஓசை நாய் குரைப்பது போல இருந்ததால் கொசாக் குதிரைவீரர்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள் என்பதோடு டால்ஸ்டாய் விட்டுவிடுகிறார். வீரமரணம் என்ற சொல் அங்கே வந்திருந்தால் நாம் அந்தப் பையனை மறந்திருப்போம். உலர்திராட்சை நம்மை மறக்கவிடவில்லை.

அதே நாவல் மற்றப் பேச்சையும் எவ்வளவு கூர்மையாகக் கேட்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1805ஆம் ஆண்டு பீட்டர்ஸ்பர்க் சீமாட்டி ஒருவரின் மாலை விருந்தில், பிரெஞ்சு மொழி உரையாடலோடுதான் கதை தொடங்குகிறது. நெப்போலியனைத் திட்டுவதற்கும் அந்தக் கூட்டத்துக்கு நெப்போலியனின் மொழியே தேவைப்படுகிறது. 1812இல் பகைவன் மாஸ்கோவை நெருங்கும்போது, இனி பிரெஞ்சு பேசுகிறவர்கள் அபராதம் கட்ட வேண்டும் என்று மேட்டுக்குடியினர் தங்களுக்குள் விதி செய்துகொள்கிறார்கள். ஆனால் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான் வருகிறது, அபராதமும் சேர்ந்துகொண்டே போகிறது. நாட்டுப்பற்று அவர்களுக்கு அணிந்துகொள்ளும் ஓர் உடை. இதற்கு நேர் எதிரே, ஷோன்கிராபென் போர்க்களத்தில், யாரும் கண்டுகொள்ளாத பீரங்கிப்படைத் தலைவர் தூஷின் நிற்கிறார். கோடியில் நிற்கும் பழைய பீரங்கிக்கு மத்வேவ்னா என்று பெயர் வைத்து, ஊரில் வயதான பெண்மணியைக் கூப்பிடுவது போல மரியாதையாகக் கூப்பிட்டு, ஒத்தாசை செய்யம்மா என்கிற தோரணையில் அதனோடு பேசிக்கொண்டே அவர் சுட்டுத் தள்ளுகிறார். அந்த நாளின் வெற்றி பெருமளவுக்கு அவருடையது. ஆனால் மாலையில் தளபதியின் முன் நிறுத்தி, பீரங்கிகளை ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டால், பரீட்சையில் தடுமாறும் பையனைப் போல அவருக்கு வாய் அடைத்துக்கொள்கிறது. இளவரசர் அந்திரேய் அவருக்காகப் பேச வேண்டியிருக்கிறது. மேலிடத்துப் பேச்சு வராத காரணத்தாலேயே தூஷினின் மதிப்பு மேலிடத்துக்குத் தெரியாமல் போகிறது என்று டால்ஸ்டாய் காட்டுகிறார். அவரே பீரங்கிப்படையில் சேர்ந்து காக்கசஸிலும், கிரீமியப் போரின்போது செவஸ்தபோலிலும் இருந்தவர் என்பதால் இதை அவர் கற்பனையில் மட்டும் கண்டிருக்க முடியாது.

கட்டுரையாளர் பக்கத்திலும் நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். போரிஸ் பொலெவோய் 1946இல் எழுதி, தமிழில் 'உண்மை மனிதனின் கதை' என்ற பெயரில் பல தலைமுறைகள் படித்த நாவலில், இரண்டு கால்களையும் இழந்து மருத்துவமனையில் கிடக்கும் விமானி தன்னால் இனிப் பறக்க இயலாது என்று சொல்லும்போதெல்லாம், கமிஸார் (படையின் அரசியல் அதிகாரி) ஒருவர் 'ஆனால் நீ சோவியத் மனிதன் ஆயிற்றே' என்று பதில் சொல்கிறார். இது முதல் வகைப் பேச்சுதான். ஐயமே இல்லை. அலெக்சேய் மரேஸ்யெவ் என்ற விமானி 1942இல் வீழ்ந்த விமானத்திலிருந்து பதினெட்டு நாள் பனிக்காட்டில் ஊர்ந்து வந்து, கால்களை இழந்து, மறுபடியும் விமானம் ஓட்டியது உண்மை வரலாறு. அத்தகைய ஒரு மனிதனின் மன உறுதியை ஒற்றை வாசகத்தில் அடக்கிவிடுவது எனக்கும் உவப்பாக இல்லை. ஆனால் அதே நாவலில், கால் போன செய்தியைத் தன் காதலிக்கு எழுதாமல் மறைத்துக்கொண்டு, நலமாக இருக்கிறேன் என்றே கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் இளைஞனாகவும் அந்த விமானி இருக்கிறான். கமிஸாரின் வாசகம் எட்டாத இடம் அது. பொலெவோயின் நாவல் இன்றும் நிற்பது அந்தக் கடிதங்களால் என்பது என் கருத்து.

கட்டுரையாளருக்கு மறுமொழியாக ஒரே ஒரு புத்தகத்தைக் கையில் கொடுக்கச் சொன்னால், பரீஸ் வஸீலியெவ் 1969இல் எழுதிய 'அதிகாலையின் அமைதியில்' என்ற குறுநாவலைத்தான் கொடுப்பேன். எஸ்.பி. ஜனநாதன் இயக்கிய 'பேராண்மை' (2009) திரைப்படத்துக்கு மூலமாக அமைந்த கதை இது என்பதால், புத்தகத்தைப் படிக்காதவர்களுக்கும் கதைப் போக்கு தெரிந்திருக்கும். 1942ஆம் ஆண்டு மே மாதம், காடும் சதுப்புமான கரேலியாப் பகுதி. விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த ஐந்து இளம்பெண்களோடு வஸ்கோவ் என்னும் படைப்பிரிவுத் தலைவர் இரண்டு ஜெர்மானியர்களைப் பிடிக்கப் போகிறார். போன இடத்தில் இருப்பவர்களோ பதினாறு பேர்.

வஸ்கோவ் நான்கு வகுப்பு மட்டுமே படித்தவர். படைவிதிகள் அடங்கிய கையேடுதான் அவருடைய வேதம். எதையும் அந்தக் கையேட்டின் சொற்களால்தான் அவர் பேசுகிறார், நினைக்கவும் செய்கிறார். படித்த பெண்களின் கேலிக்கு முன்னால் அந்தச் சொற்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெண்கள் கொல்லப்படத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அவரிடமிருந்து சிறிது சிறிதாக உதிர்கிறது. நாவலின் உயிரே இந்த உதிர்தலில்தான் இருக்கிறது.

சோன்யா குர்விச் என்ற பெண்ணின் சாவைப் பாருங்கள். கவிதை படிப்பதில் விருப்பமுள்ள மெலிந்த பெண் அவள். வஸ்கோவ் தம்முடைய புகையிலைப் பையை முந்தைய இடத்தில் மறந்து வைத்துவிட்டு வருகிறார். தாய்நாட்டைக் காக்கும் அன்புக்குரிய வீரருக்கு என்று பூத்தையலில் எழுதி, முகம் தெரியாத யாரோ போர்முனைக்கு அனுப்பிய பை அது. முதல் வகைப் பேச்சு அந்தத் துணியின் மேல் தையலாகக் கிடக்கிறது. உள்ளே இருப்பதோ ஒரு மனிதனின் எளிய புகையிலை ஆசை. யாரும் சொல்லாமலே, நான் எடுத்து வருகிறேன் என்று சோன்யா ஓடுகிறாள். பாறைகளுக்கு நடுவே ஜெர்மானியக் கத்தி அவளை வீழ்த்திவிடுகிறது. அவளைக் கண்டெடுத்த பிறகு வஸ்கோவின் நெஞ்சில் ஓடுவது தாய்நாட்டுக்காக உயிர் நீத்தாள் என்ற வாசகம் இல்லை. இவள் பிள்ளை பெற்றிருப்பாள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், இனி அந்த இழை இல்லை, மனித குலத்தின் முடிவில்லாத நூலிலிருந்து ஒரு சின்ன இழையைக் கத்தியால் அறுத்துவிட்டார்கள் என்றே அவர் நினைக்கிறார். கையேட்டில் இதற்கு வாசகம் கிடையாது. நான்கு வகுப்புப் படித்த மனிதர் தாமாகவே கண்டெடுத்த நினைப்பு இது.

இதற்குப் பிறகு, எஞ்சியிருக்கும் பெண்கள் வழக்கம்போலப் பதவி சொல்லி அழைக்கும்போது அவர் தடுக்கிறார். நான் இப்போது உங்களுக்கு அண்ணன் மாதிரி, தங்கைகளே, ஃபெதோத் என்றே கூப்பிடுங்கள், இல்லையென்றால் என் அம்மா கூப்பிட்டது போல ஃபேத்யா என்று கூப்பிடுங்கள் என்கிறார். நாளெல்லாம் உறவுமுறை வைத்தே ஊரை அழைத்துப் பழகிய நமக்கு இந்த இடத்தின் கனம் புரியாமல் போகாது. அதிகாரம் முழுவதும் கையிலிருக்கும் ஒருவர், சாவின் முன்னால் அதைத் தாமே இறக்கி வைத்துவிட்டு உறவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நாவலின் மிகப் பெரிய ஆசை இதுதான் என்று நான் நினைக்கிறேன். இதைப் பிரசாரம் என்று எப்படி ஒதுக்குவது?

கடிதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தக்கலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் பலர். நான் சிறுவனாக இருந்தபோது, எழுத்து வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அம்மைக்கு, வடக்கே எல்லையில் இருந்த அவருடைய மகன் எழுதும் இன்லண்ட் கடிதங்களை வாசித்துக் காட்டும் பொறுப்பு எனக்கு இருந்தது. இங்கு நான் நலம், அங்கு அனைவரும் நலமறிய ஆவல் என்று தொடங்கி, மரச்சீனி பிடுங்கியாச்சா, கறவை மாடு ஈன்றதா, ஓடு மாற்ற ஆசாரி வந்தாரா என்று கேள்விகளாகவே அவை நீளும். கிணற்றங்கரை வரிக்கைப் பிலாவில் இந்த ஆண்டு சக்கை பிடித்ததா என்று ஒருமுறை எழுதியிருந்தார். அந்த வரியை மட்டும் திரும்ப வாசி மக்களே என்று அந்த அம்மை கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்கு வர வேண்டும் போலிருக்கிறது என்று மகன் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதவும் வேண்டியிருக்கவில்லை.

ஐசக் பாபெலின் 'செங்குதிரைப்படை' தொகுப்பில் (1926) உள்ள 'கடிதம்' என்ற சின்னஞ்சிறு கதையைப் பின்னாளில் படித்தபோது, அந்த இன்லண்ட் கடிதங்களைப் படித்த பயிற்சிதான் எனக்குக் கை கொடுத்தது. 1920ஆம் ஆண்டின் போலந்துப் போர். குர்தியூக்கோவ் என்ற பையன் ஊரிலிருக்கும் தன் தாய்க்குக் கடிதம் எழுதச் சொல்லி வாய்மொழியாகச் சொல்கிறான். புள்ளிப் பன்றியை அறுத்து எனக்குப் பொட்டலம் அனுப்புங்கள் என்கிறான். விட்டுவந்த குதிரை எப்படி இருக்கிறது, அதன் முன்னங்காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சோப்பைச் சாமிப் படங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன், அப்பா அதைத் தீர்த்துவிட்டிருந்தால் புதிதாக வாங்குங்கள் என்கிறான். இத்தனையும் சொன்ன பிறகுதான், உள்நாட்டுப் போரில் எதிர்ப்படையில் இருந்த தன் தந்தை தன் அண்ணனை எப்படி வெட்டிக் கொன்றார் என்பதையும், மற்றோர் அண்ணன் அந்தத் தந்தையைத் தேடிப் பிடித்து எப்படிக் கொன்றான் என்பதையும், குதிரையைப் பற்றிச் சொன்ன அதே குரலில் சொல்லிக்கொண்டு போகிறான். உள்நாட்டுப் போர் மதிப்பீடுகளை என்ன செய்தது என்று பாபெல் எங்கும் விளக்கவில்லை. தகப்பன் வெட்டப்பட்டதும் குதிரைக்காலும் ஒரே குரலில் வருவதைக் கேட்டு வாசகர் நடுங்க வேண்டும் என்று விட்டுவிடுகிறார். பையனுடைய பாசம் முழுவதும், சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் சோப்பில் வந்து ஒதுங்கியிருக்கிறது. பாபெல் 1939இல் கைது செய்யப்பட்டு, 1940 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். இவரையும் அரசுப் பிரசாரக் கணக்கில் சேர்ப்பது பெரிய அநீதி.

ரஷ்யர் அல்லாத சோவியத் எழுத்தாளரானாலும், தமிழ் வாசகர்களின் மனத்துக்கு மிக நெருக்கமான சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா'வை (1958) இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. போர்முனையிலிருந்து கணவன் எழுதும் கடிதத்தில் தந்தை, தாய், ஊர்ப் பெரியவர்கள், சுற்றத்தார் எல்லோருக்கும் வரிசை தவறாமல் வணக்கம் இருக்கும். மனைவி ஜமீலாவுக்குக் கடைசியில் ஒரு வரி. குலமுறை அப்படி. கடிதம் வாசிக்கப்படும்போது அந்தக் கடைசி வரிக்காகக் காத்து நிற்கும் பெண்ணின் ஆசை என்னவாகும் என்பதுதான் கதை.

வலந்தீன் ரஸ்பூத்தின் 1974இல் வெளியிட்ட, 'வாழ்ந்திரு, நினைவில் கொள்' என்று பொருள்படும் தலைப்புள்ள நாவல், ஆசையும் மதிப்பீடும் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொள்ளும் கதை. சைபீரியாவில் அங்காரா ஆற்றங்கரைக் கிராமம், போரின் கடைசிக் குளிர்காலம். வீட்டுக் குளியலறையின் தரைப்பலகைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பழைய கோடரி ஒருநாள் காணாமல் போகிறது. அந்த இடம் வேற்று ஆளுக்குத் தெரிய வழியில்லை. போருக்குப் போன கணவன் படையை விட்டு ஓடி வந்து அக்கம்பக்கத்தில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறான் என்று நஸ்த்யோனா அதிலிருந்தே ஊகித்துக்கொள்கிறாள். யாரும் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு கோடரி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசைதான் அவனைக் குற்றவாளியாக்கியது. பல ஆண்டுகளாகப் பிள்ளைக்கு ஏங்கியவள் இப்போது கருவுறுகிறாள், அந்த மகிழ்ச்சியை ஓர் உயிரிடமும் சொல்ல முடியாது. வெற்றிச் செய்தி வந்து ஊரே கூடிக் கொண்டாடும் நாளில், அந்த மகிழ்ச்சியில் தனக்குப் பங்கில்லை என்று அவள் உணரும் இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைக்க நேர்ந்தது. கடைசியில் அங்காரா ஆற்றில் அவள் மூழ்குகிறாள். ஓடிவந்தவனை ரஸ்பூத்தின் மன்னிக்கவில்லை. ஆனால் அவளுடைய ஆசையை ஓரிடத்திலும் சிறுமைப்படுத்தவும் இல்லை.

இந்த மாவட்டத்து வாசகர்களுக்கு இது அந்நியமான மோதல் அன்று. கணியாகுளம் போர்க்களத்தில் மாண்ட வேணாட்டுப் படைத்தலைவனைப் பாடும் 'இரவிக்குட்டிப் பிள்ளை போர்' என்ற நம் கதைப்பாடலில், தாயும் மனைவியும் தாங்கள் கண்ட தீக்கனவுகளைச் சொல்லி, இன்று படைக்குப் போகாதே என்று மன்றாடுகிறார்கள். எங்கே ஒளிந்தாலும் எமன் வருவான் என்று சொல்லிவிட்டு அவன் புறப்படுகிறான். அந்தப் பெண்களின் கெஞ்சலை நீக்கிவிட்டு வீரத்தை மட்டும் பாடியிருந்தால் அந்தப் பாட்டை யார் இத்தனை காலம் காத்து வைத்திருப்பார்கள்? நம் சங்கப் புலவர்களும் இதை அறிந்தவர்களே. முல்லைப்பாட்டில் பாசறையிலிருக்கும் மன்னன் புண்பட்ட யானைகளையும் அம்பு தைத்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணி உறங்காமல் கிடக்கிறான். அங்கே வீட்டில் அவன் மனைவி ஆற்றியிருக்க முயன்று தோற்றுக் கிடக்கிறாள். அகத்தையும் புறத்தையும் ஒரே பாட்டில் பிடித்துவைத்த மரபு நம்முடையது. அந்த மரபில் வந்த வாசகர், போர்க்கதையில் ஆசை எங்கே இருக்கிறது என்று தேடத் தெரியாதவராக இருக்க முடியாது.

சோவியத் எழுத்தாளர் பிளத்தோனவின் 'திரும்புதல்' என்ற சிறுகதையைப் பற்றிச் சில வரிகள் மட்டும். போர் முடிந்து வீடு திரும்பும் தந்தை, பன்னிரண்டு வயதுகூட நிறையாத மகன் கிழவனைப் போல அடுப்பையும் உருளைக்கிழங்குத் தோலையும் பற்றிக் கட்டளையிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு திகைக்கிறார். குடும்பத்தை விட்டுவிட்டு மறுபடியும் ரயிலேறியவர், ஒரு காலில் கம்பளிப் பூட்சும் மறுகாலில் ரப்பர்ச் செருப்புமாக மகன் தங்கையை இழுத்துக்கொண்டு விழுந்து எழுந்து ஓடி வருவதைப் பார்த்து, ஓடும் ரயிலிலிருந்து இறங்கிவிடுகிறார். 1946இல் இது இதழில் வெளிவந்ததும், சோவியத் குடும்பத்தின் மீது அவதூறு என்று கண்டனம் எழுந்தது. முதல் பேச்சுக்கு இரண்டாவது பேச்சின் மேல் எவ்வளவு அச்சம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வஸீலி கிரோஸ்மனின் 'வாழ்வும் விதியும்' நாவலுக்கு நேர்ந்தது இன்னும் கொடுமையானது. ஸ்தாலின்கிராத் போரைச் செய்தியாளராக நேரில் கண்டவர் எழுதிய அந்த நாவலின் கையெழுத்துப் படிகளை 1961 பிப்ரவரியில் உளவுத்துறையினர் வீடு புகுந்து எடுத்துச் சென்றார்கள். தட்டச்சு நாடாவையும் கார்பன் தாளையும்கூட அவர்கள் விட்டு வைக்கவில்லை. கிரோஸ்மன் 1964இல் இறந்தார். நூல் வெளிநாட்டில் 1980இலும், சோவியத் நாட்டில் 1988இலும்தான் வெளிவந்தது. அதில் ஒரு காட்சி வருகிறது. ஸ்தாலின்கிராத் மீட்கப்பட்ட பிறகு, நிலவறையிலிருந்து பிணங்களைத் தூக்கி வரும் ஜெர்மானியக் கைதிகளைக் கூட்டம் வெறுப்போடு பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு பெண் அடிப்பதற்காகச் செங்கல்லைக் கையில் எடுக்கிறாள். பிறகு எப்படியோ, தன்னிடமிருந்த ரொட்டித் துண்டை அந்த ஜெர்மானியன் கையில் கொடுத்துவிடுகிறாள். ஏன் கொடுத்தோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. நன்மையைக் கொள்கையாக்கிப் பேசத் தொடங்கியதுமே அது கெட்டுவிடுகிறது என்று எண்ணியவர் கிரோஸ்மன். ஆகவே அந்தப் பெண்ணின் வாயில் ஒரு விளக்கத்தையும் அவர் வைக்கவில்லை.

உக்ரைன் மண்ணில் குண்டு விழுந்துகொண்டிருக்கும் காலத்தில் ரஷ்யப் போர்க்கதைகளுக்கு வக்காலத்து தேவையா என்று சிலர் கேட்கலாம். அந்த வினாவின் பின்னால் இருக்கும் வலியை நான் மதிக்கிறேன். ஆனால் பாபெல் பிறந்தது ஒதெஸ்ஸாவில், கிரோஸ்மன் பிறந்தது பெர்திச்சேவில். இரண்டும் இன்றைய உக்ரைனில் இருக்கின்றன. 2022 பிப்ரவரியில் தொடங்கிய போரை மாஸ்கோ அரசு சிறப்பு இராணுவ நடவடிக்கை என்றே அழைத்தது. படையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்புவோருக்குப் பதினைந்து ஆண்டு வரை சிறை என்று அடுத்த மாதமே சட்டமும் கொண்டுவந்தது. மேலிருந்து வரும் பேச்சு மனிதர்களின் வாயை எப்படிக் கட்டுகிறது என்று அறிய விரும்புகிறவருக்கு, அந்த நாட்டின் பழைய கதைகளைவிட நல்ல பாடநூல் கிடைக்காது. அதனால்தான் இவற்றைப் படிக்கச் சொல்கிறேன்.

இனி என் வேண்டுகோள். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா வளர்த்த இலக்கியச் சூழலில், மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புத்தக நிலையம் மலிவு விலையில் விற்ற தமிழ் நூல்கள், இந்த மாவட்டத்தின் பல வீடுகளுக்கும் படிப்பகங்களுக்கும் வந்து சேர்ந்தன. அண்மையில் எங்கள் பகுதி நூலகம் ஒன்றில், யாரும் எடுத்துப் படிப்பதில்லை என்ற காரணத்தைச் சொல்லி, கட்டுத் தளர்ந்த பழைய ரஷ்ய நூல்களைக் கழித்து ஒதுக்கியிருப்பதைக் கண்டேன். அந்தக் குவியலில் இங்கே நான் குறிப்பிட்ட நூல்களும் இருந்தன. கழிப்பதற்கு முன் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியையாவது மாவட்ட மைய நூலகத்தில் சேர்த்துவைக்கும்படி நூலகத்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். இந்நூல்களை மறுபதிப்புச் செய்யும் பதிப்பகத்தார், மொழிபெயர்த்தவரின் பெயரையும் முதல் பதிப்பின் ஆண்டையும் தவறாமல் அச்சிட வேண்டும். தங்கள் ஞாயிறு இணைப்பிலும், இந்த மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி ஒரு கட்டுரையை, கதைகளை முழுமையாகப் படித்த ஒருவரைக் கொண்டு எழுதச் செய்தால் வாசகர்களுக்குப் பெரிதும் பயன்படும்.

இக்கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்துக்கொண்டு வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
தக்கலை,
கன்னியாகுமரி மாவட்டம்.